பாடப்பக்கத்தில் படத்தை எங்கே வைப்பது?

இணையப் பாடம் எழுதுகிறவர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் மூடுலில் பக்கம் திறக்கிறார். பள்ளி ஆசிரியர் கூகுள் கிளாஸ்ரூமில் போடுகிறார். தையல், டேலி, டிஎன்பிஎஸ்சி என்று எதையாவது சொல்லிக்கொடுப்பவர் தனக்கென்று ஒரு தளமே வைத்திருக்கிறார். எல்லோரும் படம் சேர்க்கிறார்கள். "படம் சேர்ப்பது எப்படி" என்று தேடினால், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டும் வீடியோக்கள் வந்து விழும். அந்தப் படம் பக்கத்தில் எங்கே வர வேண்டும், எந்தப் படம் வரவே கூடாது, மாணவர் கையில் இருக்கும் ஃபோனில் அது என்ன கதியாகும் என்பதெல்லாம் அதில் இருக்காது. இந்தக் குறிப்பு அதற்காக.

நான் சொல்ல வருவது இதுதான். இணையப் பக்கத்தில் படத்தை இடப்பக்கம், வலப்பக்கம் என்று அடுக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. திரையின் அகலம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது வரிசை மட்டும்: எந்த வாக்கியத்துக்குப் பிறகு எந்தப் படம். அதைச் சரியாகச் செய்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு பூட்டுப் பாடம்

திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு உதாரணத்துக்கு வேறு எங்கே போவது? பூட்டையே எடுத்துக்கொள்வோம்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகாரிலிருந்து வரும் விலை குறைந்த பூட்டுகளோடு மோத முடியாமல், கையால் பூட்டு செய்யும் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்த ஒரு வேலை, இனி படமும் எழுத்துமாகத்தான் பலருக்குப் போய்ச் சேரப்போகிறது. அதனால் "லீவர் பூட்டு எப்படி வேலை செய்கிறது" என்று ஒரு பாடப்பக்கம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாங்காய் வடிவத்தில் இருப்பதால் மாங்காய் பூட்டு என்று சொல்கிறோமே, அதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் தெரியாது.

சொல்லில் மட்டும் சொன்னால் இப்படி வரும்: பூட்டுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிய தகடுகள் இருக்கும். அவைதான் லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு சிறிய ஸ்பிரிங் கீழே அழுத்திப் பிடித்திருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டு இருக்கும். நகர வேண்டிய தாழில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் ஒவ்வொரு லீவரையும் தனித்தனி உயரத்துக்குத் தூக்கும். எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் முளை உள்ளே நுழையும், தாழ் நகரும். ஒரு லீவர் கொஞ்சம் குறைவாக ஏறினாலும் சரி, கொஞ்சம் அதிகமாக ஏறினாலும் சரி, முளை முட்டி நின்றுவிடும். லீவரை அதிகமாகத் தூக்கினாலும் திறக்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778இல் காப்புரிமை வாங்கினார்.

இந்தப் பத்தியை ஒருமுறை படித்ததும் மனதில் படம் வந்ததா? பலருக்கு வந்திருக்காது. "வெட்டு", "முளை", "நேர்கோடு" மூன்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி இடத்தில்தான் படம் தேவை.

படத்துக்கு என்ன வேலை?

படம் சேர்க்கும் முன் அது என்ன வேலை செய்யப்போகிறது என்று கேட்டுவிட வேண்டும். மாங்காய் பூட்டின் முழு ஃபோட்டோ "இதுதான் அந்தப் பொருள்" என்று அடையாளம் காட்டுகிறது. மேல்தகட்டைக் கழற்றி லீவர்களைக் காட்டும் வரைபடம் "இப்படித்தான் வேலை செய்கிறது" என்று விளக்குகிறது. மலைக்கோட்டையின் மேல் சூரியன் உதிக்கும் ஃபோட்டோ அழகாக இருக்கிறது. பாடத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது வகை தொல்லை இல்லாதது என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மின்னல் எப்படி உருவாகிறது என்ற பாடத்தை ஒரு குழுவுக்கு அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குச் சுவாரசியமான, ஆனால் காரண காரியத்தோடு சம்பந்தமில்லாத செய்திகளையும் படங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்துப் படித்தவர்கள் முக்கியமான படிகளைக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். புதுக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலும் பின்தங்கினார்கள். சுவாரசியம் மனதை வேறு பாதையில் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அதற்காகப் பக்கத்தைக் காய்ந்த நிலமாக வைக்கச் சொல்லவில்லை. மலைக்கோட்டைப் படம் வேண்டுமென்றால் பாடத்தின் முகப்பில் ஒன்று இருக்கட்டும். லீவரை விளக்கும் பத்திகளுக்கு நடுவில் அது வேண்டாம்.

சொல்லு, காட்டு, கேளு

படத்தை விளக்கத்துக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? நான் பின்பற்றும் வரிசை இது: எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். உடனே படம். பிறகு, படத்தைப் பார்த்தவரால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி அல்லது முடிவு.

பூட்டுப் பாடத்தில் அது இப்படி இருக்கும்.

"சாவி இல்லாதபோது மூன்று லீவர்களின் வெட்டுகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள்." இங்கே படம் 1.

"இப்போது வேறு பூட்டின் சாவியைப் போட்டுத் திருப்புகிறோம். நடு லீவரை மட்டும் பாருங்கள்." இங்கே படம் 2.

"சரியான சாவி. மூன்று வெட்டுகளும் முளைக்கு நேராக வந்துவிட்டன." இங்கே படம் 3. அதன் கீழே: "படம் 2இல் முளையை எந்த லீவர் தடுத்தது? அது கூடுதலாக ஏறியதா, குறைவாக ஏறியதா?"

மூன்று படங்களும் ஒரே கோணம், ஒரே அளவு, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். லீவரின் உயரம் மட்டும்தான் மாற வேண்டும். பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று, மேலிருந்து எடுத்தது ஒன்று என்று கலந்தால், பார்ப்பவர் எதை மாற்றமாக எடுத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது. இன்னொன்று: தவறான சாவியைக் காட்டும் படத்தைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் அதுதான் அதிகம் கற்றுத்தருகிறது. திறக்கும் பூட்டை விடத் திறக்காத பூட்டுதான் தன் ரகசியத்தைச் சொல்கிறது.

படத்தையும் அதன் விளக்கத்தையும் பிரித்துவைத்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லர், பால் சாண்ட்லர் இருவரும் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். படம் ஓரிடம், விளக்கம் ஓரிடம் என்றால் கண் இங்கும் அங்கும் ஓடுகிறது. மனதின் சக்தி இரண்டையும் பொருத்திப் பார்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. புரிந்துகொள்ள மிச்சம் இருப்பதில்லை. எல்லாப் படங்களையும் பக்கத்தின் கடைசியில் "படங்கள்" என்று தலைப்பிட்டுக் குவிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஏற்றுவதற்கு அது சுலபம். படிப்பவருக்கு ஒவ்வொரு முறையும் விரலால் தள்ளிக் கீழே போய் மேலே வர வேண்டும்.

ஃபோனில் ஒரே பத்திதான்

பாடத்தை எழுதுகிறவர் லேப்டாப்பில் எழுதுகிறார். படிக்கிறவர் ஃபோனில், நத்தம் ரோட்டில் பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிறார். இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன.

சாதாரண ஆண்ட்ராய்டு ஃபோனில் இணையப் பக்கத்துக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 360 அலகு. ஓர இடைவெளி போனால் படத்துக்கு 330. திரையில் எத்தனை ஆயிரம் பிக்சல் இருந்தாலும் பக்கத்தைப் பொறுத்தவரை கணக்கு இதுதான்.

லேப்டாப்பில் படத்தை இடப்பக்கம் ஒதுக்கி, எழுத்தை அதன் வலப்பக்கம் ஓடவிட்டிருப்போம். அழகாக இருக்கும். ஃபோனில் படத்துக்கு 180 அலகு போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 150. ஆங்கிலம் என்றால் அதில் இரண்டு மூன்று சொற்களாவது உட்காரும். தமிழில் "பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒரே சொல் வந்தால் அதற்கே இடம் பத்தாது. சொல் வெளியே நீட்டும், இல்லையென்றால் கண்ட இடத்தில் உடையும். ஆங்கில வழிகாட்டிகளில் சொல்லும் "படத்தைச் சுற்றி எழுத்து" என்ற யோசனை நம் மொழிக்கு அவ்வளவாக ஒத்துவராது. படத்தைத் தனி வரியில் நிறுத்துங்கள். அதுதான் நிம்மதி.

இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்க அட்டவணை போடுவதும் இதே கதைதான். ஃபோனில் ஆளுக்கு 160 அலகாகச் சுருங்கிவிடும்; பூட்டின் லீவர் தலைமுடி மாதிரி தெரியும். அதற்குப் பதில் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஃபோட்டோ 3க்கு 4 விகிதத்தில் இருக்கும். 330 அகலத்தில் அதன் உயரம் 440. ஒரு படமே திரையை அடைத்துக்கொள்ளும். அதையே 4க்கு 3 என்று அகலவாக்கில் வெட்டினால் உயரம் 248 தான். இரண்டு படமும் அவற்றின் குறிப்பும் ஒரே திரையில் தெரியும். ஒப்பிட வேண்டிய படங்களை எப்போதும் அகலவாக்கில் வெட்டிக்கொள்வது நல்லது.

"வலப்பக்கம் உள்ள படத்தைப் பார்க்கவும்" என்றும் எழுதாதீர்கள். லேப்டாப்பில் வலப்பக்கம் இருப்பது ஃபோனில் கீழே போய்விடும். படம் 1, படம் 2 என்று எண் கொடுத்து அந்த எண்ணால் கூப்பிடுவதே போதும்.

புள்ளி போனால் சொல் போச்சு

நம் பாடப்பக்கங்களில் தனியாக ஒரு நோய் உண்டு: எழுத்தையே படமாகப் போடுவது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1990களில் தமிழ் இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாதவருக்குத் தெரிவது வெறும் குப்பை. அதனால் தலைப்புகளையும் சில சமயம் முழுப் பத்தியையும் படமாகவே போட்டார்கள். 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. 2001இல் இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று எந்த ஃபோனிலும் தமிழ் தெரியும். படமாகப் போட வேண்டிய அவசியம் போய்விட்டது.

பழக்கம் போகவில்லை. காரணமும் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் ஆசிரியர்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். உடனே ஸ்கிரீன்ஷாட். அது வாட்ஸாப் வழியாக ஒரு கை மாறி, அங்கே சுருங்கி, பாடப்பக்கத்துக்கு வந்து சேரும்.

இப்படி வருகிற படம் பெரும்பாலும் ஜேபெக். 1992இல் வந்த இந்த முறை ஃபோட்டோவுக்காகச் செய்யப்பட்டது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களைத் தூக்கிப்போட்டு அளவைக் குறைக்கும். மரம், மலை, முகம் இவற்றில் அந்த இழப்பு தெரியாது. எழுத்தின் கூரிய விளிம்பில் நன்றாகத் தெரியும். அதிலும் தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. சாவியின் "பல்" என்று எழுதியிருப்போம். புள்ளி மங்கினால் "பல" ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஐ என்ற எழுத்தின் மேல் புள்ளி போனாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். நமக்குப் பொருளே மாறிவிடுகிறது.

அதனால் பத்திகளை எழுத்தாகவே போடுங்கள். பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடாக்க என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான இலவசக் கருவிகள் இருக்கின்றன. அச்சுப் பக்கமாக இருந்தால் டெசரக்ட் தமிழ் படிக்கும். கூகுள் டிரைவும் படிக்கும். பிழை திருத்த அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணியில் பாடம் தேடக்கூடியதாக, பெரிதாக்கிப் படிக்கக்கூடியதாக, வாய்விட்டுப் படிக்கவைக்கக்கூடியதாக மாறிவிடும்.

வரைபடத்துக்குள் சில பெயர்கள் தவிர்க்க முடியாதுதான். அதற்கு ஒரு கணக்கு: 1200 பிக்சல் அகலப் படம் ஃபோனில் 330க்குச் சுருங்குகிறது, அதாவது ஏறக்குறைய 3.6 மடங்கு. படத்தில் 24 அளவில் எழுதியது 7க்கும் குறைவாகத் தெரியும். படிக்க முடியாது. கண்ணுக்கு இதமாக 16 வேண்டுமென்றால் படத்தில் 58 அளவில் எழுத வேண்டும். வரையும்போது கோமாளித்தனமாகப் பெரிதாகத் தோன்றும். ஃபோனில் சரியாக இருக்கும். பவர்பாயிண்ட் ஸ்லைடை அப்படியே படமாக்கிப் போட்டால் ஏன் யாராலும் படிக்க முடிவதில்லை என்பதற்கும் இந்தக் கணக்கே பதில்.

பெயர்கள் நாலைந்துக்கு மேல் போனால் படத்தில் எண்கள் மட்டும் போட்டு, பெயர்களைப் படத்துக்கு நேர் கீழே எழுத்தாகக் கொடுங்கள். இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. கொமேனியஸ் 1658இல் நியூரம்பெர்க்கில் வெளியிட்ட குழந்தைகளுக்கான படப் பாடநூலில், படத்தில் உள்ள பொருள்களுக்கு எண் கொடுத்து அதே எண்ணைப் பக்கத்தில் உள்ள சொல்லோடு சேர்த்திருக்கிறார். லத்தீனும் ஜெர்மனும் ஒரே படத்தைப் பகிர்ந்துகொள்ள அது வசதியாக இருந்தது. நமக்கும் அப்படித்தான்: தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே படம் போதும்.

வரைபடம் என்றால் ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி வையுங்கள். அதில் இழப்பு கிடையாது. தளம் ஏற்றுக்கொண்டால் எஸ்விஜி இன்னும் நல்லது, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஃபோட்டோவுக்கு மட்டும் ஜேபெக் அல்லது வெப்பி.

படத்தின் எடை

ஃபோனில் எடுக்கும் ஃபோட்டோ 4000க்கு 3000 பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு சுமார் 4 எம்பி. இப்படிப் பத்துப் படம் போட்டால் பக்கம் 40 எம்பி. 60 பேர் உள்ள வகுப்பு ஒருமுறை திறந்தால் 2.4 ஜிபி. எழுதியவர் வைஃபையில் இருக்கிறார். படிப்பவர் தினசரி டேட்டாவை அண்ணன் தம்பிகளோடு பங்குபோட்டுக்கொள்கிறார்.

டேட்டாவோடு முடியவில்லை. ஜேபெக் சுருக்கம் வழியில் மட்டும்தான். திரையில் காட்ட ஃபோன் அதை விரித்தாக வேண்டும். பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு படத்துக்கே 48 எம்பி நினைவகம் பிடிக்கும். பத்துப் படம் என்றால் விலை குறைந்த ஃபோன் திணறும். பக்கம் தானாகவே மறுபடி ஏறத் தொடங்கும். மாணவர் "சைட் சரியில்லை" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார். 1200க்கு 900 ஆகக் குறைத்தால் நினைவகம் 4.3 எம்பி, கோப்பு பெரும்பாலும் 200 கேபிக்குள். ஃபோனிலும் தெளிவு, லேப்டாப்பிலும் போதும்.

இங்கே பலரும் செய்வது, பெரிய படத்தை ஏற்றிவிட்டு எடிட்டரில் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்குவது. அது காட்டும் அளவை மட்டும்தான் குறைக்கும். 4 எம்பியும் அப்படியே இறங்கும். ஏற்றும் முன்பே சுருக்க வேண்டும்.

எச்டிஎம்எல் தொடத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: படத்தின் அகலமும் உயரமும் குறியீட்டில் இருக்கட்டும். உலாவி அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும். இல்லையென்றால் படிக்கிறபோது மேலே ஒரு படம் வந்து இறங்கி, படித்துக்கொண்டிருந்த வரி கீழே ஓடிவிடும்.

எனக்குத் தெரியுது, மாணவருக்குத் தெரியலையே

மூடுல் பாடங்களில் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஆசிரியர் திரையில் படம் பளிச்சென்று இருக்கும். மாணவர் திரையில் உடைந்த கட்டம். "உன் நெட் சரியில்லை" என்று மாணவர் மேலேயே பழி விழும்.

காரணம் படம் குடியிருக்கும் இடம். நாம் எடிட்டரில் ஒரு படத்தை ஏற்றும்போது மூடுல் முதலில் அதை நம் பெயரில் உள்ள ஒரு தற்காலிக வரைவு இடத்தில் வைக்கும். சேமித்ததும் அந்தப் பக்கத்துக்கே சொந்தமான இடத்துக்கு மாற்றி, முகவரியையும் மாற்றி எழுதிக்கொள்ளும். ஆனால் எடிட்டரில் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து படத்தைக் காப்பி எடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டினால், அந்தத் தற்காலிக முகவரியே அங்கே தங்கிவிட வாய்ப்பு உண்டு. அது நமக்கு மட்டும் திறக்கும் கதவு. தற்காலிகக் கோப்புகளை மூடுல் சில நாளில் துடைத்துவிடும். பிறகு நமக்கும் திறக்காது. போன வருடப் பாடத்திலிருந்து ஒட்டினாலும் இதே மாதிரிதான்: அந்தப் பாடத்தில் பதிவு செய்யாத மாணவருக்கு அனுமதி இல்லை. புதிய பதிப்புகள் சில சமயம் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. அதை நம்பி இருக்கக் கூடாது.

கூகுள் டிரைவ் படமும் இந்த வகைதான். நாம் உள்ளே நுழைந்திருப்பதால் நமக்குத் தெரிகிறது. வேறு தளத்தின் படத்துக்கு முகவரி மட்டும் கொடுத்தால், அந்தத் தளம் அதை நீக்கும் நாளில் நம் பாடத்தில் ஓட்டை விழும். பாடத்தை பேக்கப் எடுத்து வேறு சர்வருக்குக் கொண்டுபோனாலும் வெளியில் இருக்கும் படம் கூட வராது.

தீர்வு சாதாரணமானது. ஒவ்வொரு பக்கத்திலும் கோப்பை அந்தப் பக்கத்தின் எடிட்டர் வழியாகவே ஏற்றுங்கள். இடம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். ஒரே கோப்பைப் பத்து முறை ஏற்றினாலும் மூடுல் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் கண்டு ஒரு பிரதிதான் வைத்துக்கொள்ளும்.

சோதிக்கும்போது "மாணவர் பாத்திரத்துக்கு மாறு" என்ற வசதி ஏமாற்றிவிடும். பாத்திரம் மாறினாலும் ஆள் நாம்தானே? நம் வரைவுக் கதவு திறந்துதான் இருக்கும். உண்மையான ஒரு மாணவர் கணக்கில், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்ப்பதுதான் சோதனை.

பார்க்க முடியாத மாணவருக்கு

பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக். இரண்டும் தமிழ் பேசும். படம் வந்ததும் அவை வாசிப்பது நாம் எழுதிய மாற்று உரையை. எழுதாவிட்டால் ஒன்றும் சொல்லாது, அல்லது கோப்பின் பெயரான நீண்ட எண்ணைப் படித்துத் தொலைக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு உள்ளடக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு மாணவரை வாசலில் நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துவது எந்த ஆசிரியருக்கும் உவப்பாக இருக்காது.

"பூட்டு படம்" என்று எழுதுவதில் பயன் இல்லை. படம் 2க்கு இப்படி எழுதலாம்: "தவறான சாவி போட்ட நிலை. நடு லீவர் தேவைக்கு மேல் ஏறியிருக்கிறது. தாழின் முளை அதில் முட்டி நிற்கிறது." மூன்றே வாக்கியம். பார்க்கிறவர் படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எதுவோ அதுவே கேட்கிறவருக்கும் போகிறது. வெறும் அலங்காரப் படம் என்றால் மூடுலில் அதற்கென்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போட்டால் வாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

மாற்று உரை எழுதுவதில் இன்னொரு லாபம். எழுத உட்கார்ந்து "இந்தப் படம் என்ன சொல்கிறது" என்று இரண்டு வாக்கியம் வரவில்லையென்றால், அந்தப் படத்துக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். "சிவப்பு லீவர் தடுக்கிறது, பச்சை லீவர் விடுகிறது" என்றால் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். நிறத்தோடு எண்ணும் இருக்கட்டும்.

சாவியைப் படம் எடுக்கும் முன்

பூட்டுப் பாடம் என்பதால் ஒரு எச்சரிக்கை. விளக்கத்துக்காக வீட்டுச் சாவியை மேசையில் வைத்துத் தெளிவாக ஃபோட்டோ எடுத்துப் போடாதீர்கள். சாவியின் ரகசியம் முழுவதும் அதன் பற்களின் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரம் ஃபோட்டோவில் தெரிகிறது. 2008இல் சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தூரத்திலிருந்து எடுத்த ஃபோட்டோவை வைத்தே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட முடியும் என்று செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வேறு வகைப் பூட்டின் சாவி என்றாலும் லீவர் சாவிக்கும் கணக்கு ஒன்றுதான். பாடத்துக்குப் பயன்பாட்டில் இல்லாத சாவி போதும், அல்லது வரைந்துகொள்ளலாம்.

பட்டறையில் எடுக்கும் படங்களுக்கும் இதைச் சொல்லலாம். ஃபோன் ஃபோட்டோவில் எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கலாம். ஏற்றும் முன் நீக்கிவிடுங்கள். வேலை செய்பவரின் முகம் வந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாடத்துக்குத் தேவை பெரும்பாலும் அவர் கைதான்.

வெளியிடும் முன் மூன்று சோதனை

முதலில், படங்களையெல்லாம் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே படம் வேண்டும். எங்கே தடுக்கவே இல்லையோ அங்கே இருக்கும் படத்தைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, எழுத்தை விட்டுவிட்டு படங்களையும் அவற்றின் குறிப்புகளையும் மட்டும் வரிசையாகப் பாருங்கள். பூட்டு திறக்கும் கதை அதிலேயே ஓரளவு புரிய வேண்டும்.

மூன்றாவது, வைஃபையை அணைத்துவிட்டு, சுமாரான ஒரு ஃபோனில், மாணவர் கணக்கில் திறந்து கட்டைவிரலால் மட்டும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். எந்த இடத்திலாவது இரண்டு விரலால் படத்தை விரிக்க வேண்டி வந்தால், அந்தப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும். நூறு பேர் விரிப்பதற்கு நாம் ஒருவர் வரைந்துவிடுவது சுலபம்.